ஜோடி இல்லாத புள்ளி

இப்போதெல்லாம் காரியம் முடிவதற்குள் ஊருக்குச் சொல்லிவிடுகிறார்கள். என் மகன் அப்படித்தான். மருமகள் வானத்தில் ஏதோ ஜோடியைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் நிறுத்தி வைத்துச் சொன்னான்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். சலவை ஆலையில் கொதிகலன் பார்த்தேன். எரிகிறதா, எரியவில்லையா, அதுதான் எனக்குத் தெரிந்த கணக்கு. அவள் தேடுவதோ பற்றிக்கொள்ளாமலே போனதை. பழுப்புக் குள்ளன் என்று பெயராம். நட்சத்திரமாக முயன்று, உடம்பு போதாமல், பிறந்தபோது இருந்த சூட்டையும் இழந்துகொண்டு கிடக்கிறது. கனம் கொஞ்சம் கூடியிருந்தால் கங்குபோல எரிகிற சின்ன நட்சத்திரம். ரொம்பப் பழசாகிவிட்டால் இது எது, அது எது என்று சொல்வது கஷ்டமாம். ஜோடியாக ஒன்றையொன்று சுற்றினால் எடை தெரிந்துவிடும், எது என்றும் சொல்லிவிடலாம். அதற்காகப் பெரிய தொலைநோக்கியில் அவளுக்கு ஒரு வாரம் கொடுத்திருந்தார்கள். அவள் வேலையே அந்த வாரத்தை நம்பித்தான் இருந்தது.

மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போயிருந்தாள். அவள் வேலை செய்யும் இடத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். திரை முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா, பேயடிச்ச மாதிரி இருக்கே?"

"மாமா, அது ஜோடி இல்ல. ஒண்ணுதான்."

மங்கல் தெளியட்டும் என்று பழைய படத்தையும் புதுப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டிருக்கிறார்கள். இரண்டு புள்ளி தெரிந்தது. இன்று பிரித்துப் பார்த்தால் பழையதில் ஒன்று, புதியதில் ஒன்று. நடுவில் பல வருஷம். அது நகர்ந்திருக்கிறது.

"ஒரே ஆளை வாசல்ல ஒரு போட்டோ, தெருமுனையில ஒரு போட்டோ எடுத்து, அவனுக்கே அவனைக் கட்டி வெச்சுட்டீங்க."

சிரித்தாள். கண் கலங்கியிருந்தது. "மேடம் இப்ப வருவாங்க. சொன்னா அந்த வாரம் போயிடும் மாமா."

"பேசாம இரு. அவங்களே கண்டுபிடிக்கட்டும். நீயா போய் ஏன் தலையைக் கொடுக்கறே?"

கதவு திறந்தது. நரைத்த தலையோடு துறைத் தலைவி. இவள் எழுந்து நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

அந்தம்மா திரையையே பார்த்தார். "ஜோடின்னு சொல்லி வாங்கின வாரம். திருப்பிக் கொடுத்துடணும்."

"சரி மேடம்."

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "எவ்வளவு தூரம் ஓடியிருக்கு? அளந்தியா?"

இவள் காட்டினாள்.

"அடேயப்பா! இந்த ஓட்டம் ஓடுதுன்னா நம்ம சூரியன் கூட்டத்துல பிறந்ததா இருக்காது. எல்லாத்துக்கும் முன்னாடி பிறந்த கிழம். எரியுதா?"

"தெரியல மேடம்."

"அப்ப அதையே கேட்டுப் புதுசா விண்ணப்பம் போடு. கிடைக்கும்னு நான் வாக்குத் தர மாட்டேன்."

இரண்டு தலையும் திரைக்குள் போய்விட்டன. சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"கையில இருந்ததை விட்டுட்டு, எரியுதான்னே தெரியாததுக்கு மறுபடி வரிசையில நிக்கப்போறியா?"

"ஆமா மாமா!" திரும்பாமலே சொன்னாள். குரலில் அழுகை இல்லை.

"பத்திக்காத அடுப்பை எங்க ஆலையில ஒருத்தன் எட்டிப் பார்க்க மாட்டான்."

"அதுக்குத்தான் நாங்க இருக்கோம்" என்றார் அந்தம்மா.

வேலை போகும்போது யார் இருக்கிறார்கள், பார்க்கலாம். பாத்திரத்தை அவள் கைக்கருகே நகர்த்தி வைத்துவிட்டு, முனகிக்கொண்டே படியிறங்கினேன்.