கிரகணத்தன்று வெட்டிய கொம்புகள்

கிரகணம் பிடித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கரமனையில் அந்தத் தெருவில் ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. அந்த வேளையில் வாசலில் சுசீலாபாயின் குரல் கேட்டதும் சிவகாமியம்மாளுக்கு நெஞ்சு திடுக்கென்றது.

சுசீலாபாய் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். நாகர்கோவிலுக்கு மாற்றலாகிப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"சிவகாமி, மத்தியானம் பஸ். லாவெண்டர்ல நாலு கொம்பு தாரேன்னு சொன்னியே? என் செடி அழுகிப் போச்சு."

போன வருஷம் போனக்காட்டு எஸ்டேட் பங்களாவிலிருந்து இரண்டு ஜாதி லாவெண்டர் கொண்டுவந்து, எது வேண்டும் என்று கேட்டவளும் அவள்தான். ஒன்று குட்டை, மென்மையான மணம், மழையைக் கண்டால் கறுத்துவிடும். மற்றது இரண்டு ஜாதி கலந்து பிறந்தது. மணம் சற்று முரடு, ஆனால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். "விதை மட்டும் கட்டாது. கொம்பு வெட்டி நட்டாத்தான் அடுத்த செடி" என்று சொல்லியிருந்தாள்.

அந்த இரண்டாவதைத்தான் சிவகாமி எடுத்துக்கொண்டாள். கூரைத் தண்ணீர் விழாத இடமாகப் பார்த்து, ஆற்றுமணலில் உதிர்ந்த சுண்ணாம்புக் காரையைக் கலந்து மேடு கட்டி நட்டாள். விதை கட்டாதது என்று தெரிந்தே ஏன் எடுத்தோம் என்று பிறகு எத்தனையோ முறை யோசித்திருக்கிறாள். இருமுறை கலைந்த வயிறு அவளுக்கு.

இப்போது மூன்றாவது. யாருக்கும் தெரியாது, புருஷன் பகவதிப்பெருமாளுக்குக்கூட. முன்பு இரண்டு தடவையும் வெளியே சொன்ன கையோடு கரு கலைந்து போயிற்று. அதனால் இந்தத் தடவை, மாதாமாதம் வீட்டுக்கு விலக்காகிவிட்டதுபோல் நடித்துப் பின்கட்டு அறையில் தனியே படுத்தாள். வாயால் சொல்லாதவரை அது தங்கும் என்று எதுவோ அவளை நம்பச் செய்திருந்தது.

"கிரகணம் விடட்டுமே டீச்சர்" என்றாள்.

"அதுக்குள்ள பஸ் போயிரும்."

சுசீந்திரத்திலிருந்து வந்திருந்த நாத்தனார் முத்தாரம்மாள் உள்ளே ஊறுகாய்ச் சாடிகளில் தர்ப்பை போட்டுக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே சொன்னாள்:

"வெட்டிக் குடேன்ட்டி. கர்ப்பக்காரிக்குத்தான் கிரகணத்துல கத்தி ஆகாது. ஒனக்கென்ன? நீயும் அந்தச் செடியும் ஒண்ணுதானே."

மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். சிவகாமி கத்தியை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள். வெயில் சாம்பல் பூத்திருந்தது. மாமர நிழலில் விழுந்த வெளிச்சப் பொட்டுகளெல்லாம் பிறை பிறையாக இருந்தன. பூக்காத கொம்பாகப் பார்த்து, கணுவுக்குக் கீழே வைத்து அறுத்தாள். ஒவ்வொரு அறுப்புக்கும் அடிவயிறு தானாக இறுகியது. கோவில் நடையில் பார்த்த, மேலுதடு பிளந்த குழந்தை கண்ணுக்குள் வந்து நின்றது. அதன் தாய் கிரகண வேளையில் வெள்ளரிக்காய் நறுக்கினாளாம். 'அப்படியாவது பிறக்கட்டும்' என்று நினைத்தாள், நினைத்ததற்கே நடுங்கினாள்.

ஈரத்துணியில் கொம்புகளைச் சுற்றி வாங்கிக்கொண்டு சுசீலாபாய் போய்விட்டாள்.

கிரகணம் விட்டது, குளித்தார்கள், சமையல் ஆயிற்று. கச்சேரி உத்தியோகம் முடிந்து பகவதிப்பெருமாள் திரும்பிய நேரத்தில் சிவகாமியின் இடுப்பில் வலி கண்டது. முதலில் அதை இல்லை என்றே வைத்துக்கொண்டாள். இரண்டாம் முறை அப்படி வைத்துக்கொள்ள முடியவில்லை.

"மைனி, இடுப்பு வலிக்கு" என்றாள் நாத்தனாரிடம்.

"பட்டினி கெடந்தா வலிக்கத்தான் செய்யும்."

"மூணு மாசம், மைனி."

முத்தாரம்மாள் திரும்பினாள். அவள் பார்வை சிவகாமியின் முகத்துக்குப் போகவில்லை; வலது கையில் போய் நின்றது.

"பொறவு ஏம்ட்டி கத்திய எடுத்தே?"

"நீங்கதானே சொன்னியோ."

"வாயத் தொறந்திருக்கலாம்லா, பாவி!"

அதட்டல் பாதியிலேயே உடைந்தது. பாயை விரித்து அவளைப் படுக்கவைத்தாள். கால்மாட்டில் பலகையைக் கொடுத்து உயர்த்தினாள். "பெருமாளு, ஓடு, வண்டி பிடி! ஆஸ்பத்திரி நர்ஸம்மையக் கையோட கூட்டிட்டு வா!" என்று கூவினாள். பிறகு சிவகாமியின் தலைமாட்டில் உட்கார்ந்து, "நான் சொல்லித்தான் வெட்டினா. அவமேல குத்தமில்ல, எம்மேலதான்" என்று சுவரைப் பார்த்துத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அது கேட்டுச் சிவகாமிக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மைனி ஏசுவாள், பிறகு அலட்சியமாய்க் கையை உதறி, 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, போய் வேலையப் பாருட்டி' என்பாள். அதைத்தான் காலையிலிருந்து உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்தாள் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

மைனி அதைச் சொல்லவில்லை. வண்டிச் சத்தமும் இன்னும் கேட்கவில்லை. சிவகாமி மூச்சைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வலி வருகிறதா என்று பார்த்துக் கிடந்தாள்.