ஆவி கூடாத நூல்

லங்காஷயரின் அந்தப் பருத்தி ஆலைக்கு மரக்கூழில் செய்த புதுநூல் வந்து மூன்று வாரம். சோதனைக்காக ஆக்னஸ் ஹோவர்த்தின் இரண்டு தறிகளில் ஏற்றியிருந்தார்கள். ஒன்றில் அறுந்த இழையை அவள் முடிச்சுப் போடுவதற்குள் இன்னொன்றில் அறுந்தது. முடிச்சுப் போட்டுப் போட்டு விரல் நுனி புண்ணாகிவிட்டது.

"பருத்திக்கு ஈரம் வேணும், இதுக்கு ஆகாது. நனைஞ்சா இத்துப்போகுது. இந்த மூலைக்கு வர்ற ஆவிக் குழாயை மூடுங்க சார்" என்று முதல் வாரமே சொன்னாள்.

"நெசவுன்னா ஆவின்னு புஸ்தகத்துலயே இருக்கு. நீ உன் வேலையைப் பாரும்மா" என்றார் மேனேஜர் கிளெக். ஆறு மாதம் முன்பு லண்டனிலிருந்து வந்தவர்.

வெள்ளிக்கிழமை காலை நூல் கம்பெனி நிபுணர் வந்தார். முந்நூறு தறிகளின் இரைச்சலில் கிளெக் அவர் காதில் கத்தினார். அந்தக் கொட்டகையில் பெண்கள் ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். அது கிளெக்குக்கு இன்னும் உறைக்கவில்லை. நான்கு தறி தள்ளி நின்ற ஆக்னஸ் அவர் உதட்டை ஒரு சொல் விடாமல் படித்தாள்.

'ஈரந்தான் கோளாறு, எனக்கும் தெரியுது. இப்ப மூடினா மூணு வாரம் ஏன் திறந்துவெச்சேன்னு முதலாளி கேப்பாரு. நூல் அறுந்ததுக்குக் காரணம் கை பழகாத நெசவுக்காரின்னு எழுதிக்குங்க. அவளை நாளைக்கே அனுப்பிடறேன்.'

அப்படி எழுதினால் ஊரில் வேறெந்த ஆலையும் அவளைச் சேர்க்காது. எதிரே நின்ற மின்னியிடம் உதட்டாலேயே சொன்னாள்.

"அடப்பாவி! இருபது வருஷமா நெய்யறவளையா?" மின்னியின் வாய் அடுத்த வரிசைக்குத் திரும்பியது. ஒவ்வொருத்தியாகக் கைப்பிடியைத் தட்டித் தறியை நிறுத்தினார்கள். மேலே தறிகளை ஓட்டும் பெல்ட்டுகள் மட்டும் வெறுமனே சுற்றின.

அந்த அமைதியில் ஆக்னஸ் கிளெக் சொன்னதை அப்படியே உரக்கச் சொன்னாள்.

கிளெக் சிவந்துபோனார். "யார் சொன்னது உனக்கு?"

"உங்க வாய்தான் சார். மீசையை உதடு மறையற அளவுக்கு வளத்திருக்கலாம்."

கொட்டகையே சிரித்தது. அவள் நேரே போய் ஆவிக் குழாயின் வால்வைத் திருகி மூடினாள். "சாயங்காலம் வரைக்கும் பாருங்க. அறுந்துக்கிட்டே இருந்தா நானே போயிடறேன்."

மதியத்துக்குள் அந்த மூலை உலர்ந்தது. அதற்குப்பின் ஒரே ஒரு முறைதான் அறுந்தது. நிபுணர் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை காலை ஆலை வாசலில் ஆக்னஸுக்கு ஒரு சீட்டு கொடுத்தார்கள். அனுமதியின்றி வால்வைத் தொட்டதால் வேலைநீக்கம். உள்ளே குழாயில் புதுப் பலகை தொங்கியது: 'புதுநூலுக்கு ஆவி கூடாது. கண்டறிந்தவர், மேனேஜர் கிளெக்.'

"அந்த ரெண்டு தறிக்கும் ஆள் வேணும். யார் போறீங்க?" என்றார் மேஸ்திரி.

"ஆள் வாசல்ல நிக்கறா. போய்க் கூப்பிடுங்க" என்றாள் மின்னி.

மணி அடித்தது. எழுபது பெண்களும் தறியை ஓட்டாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பலகைக்குக் கீழே ஆக்னஸ் பாதி நெய்த துணி பளபளத்தது.