நெஞ்சுக்குழி

கோகிலா கொழும்பில் என்ன வேலை செய்கிறாள் என்று தோட்டத் தொழிலாளர் லயத்தில் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. அவளுடைய அப்பா நாகலிங்கம், கேட்பவர்களிடம் "ஆஸ்பத்திரி கம்பியூட்டருக்குத் தமிழ் போடுறா" என்பார். ஏறக்குறைய அதுதான் வேலை.

அரநாயக்கப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்தவள். வயது முப்பத்தொன்று. வாரத்தில் இரண்டு நாள் ரம்புக்கனையில் ரயில் ஏறிக் கொழும்புக்குப் போவாள். மற்ற நாட்களில் லயத்துக் காம்பரா அறையிலேயே லெப்டொப்போடு உட்கார்ந்திருப்பாள். மனித உடம்பைக் கணினிக்குப் புரியும்படி எழுதிவைத்த பெரிய தரவுத்தளம் ஒன்று அவள் வேலை செய்த மருத்துவ ஆய்வுப் பிரிவில் இருந்தது. உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் அதில் ஓர் எண் உண்டு. எது எதன் பகுதி என்றும் குறித்திருக்கும். நகம் விரலின் பகுதி, விரல் கையின் பகுதி, இதயம் மார்பறையின் பகுதி, இரைப்பை வயிற்றறையின் பகுதி. நோயாளி சொல்லும் சொல்லை அந்த எண்களில் ஒன்றோடு கட்டிவிட்டால் மிச்சத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும். எந்த இடத்து வலி, எவ்வளவு அவசரம், எந்த வரிசையில் உட்கார வைப்பது என்று அதுவே முடிவு செய்யும்.

சிங்களச் சொற்களை வேறு ஆட்கள் ஏற்கெனவே முடித்திருந்தார்கள். தமிழுக்குப் பாடப்புத்தகத்திலிருந்து எடுத்த பட்டியல் மட்டும் இருந்தது. அதில் வயிற்றுக்கு 'உதரம்' என்று போட்டிருந்தார்கள்.

"எங்க தோட்டத்துல யாரு சேர் உதரம் வலிக்குதுன்னு சொல்லுவாங்க?" என்று கோகிலா கேட்டாள்.

பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த றினாஸ் மாவனெல்லைக்காரர். சிரித்துவிட்டார். "அப்ப நீங்களே போய்க் கேட்டு எழுதிட்டு வாங்க. எனக்கும் அதுதான் தேவை."

நாலு மாதம் தோட்டம் தோட்டமாக நடந்து கேட்டு எழுதினாள். பொடனி, குறுக்கு, கெண்டைச்சதை, கவட்டி, ஈரக்கொலை. நானூற்றுப் பன்னிரண்டு சொற்கள் சேர்ந்தன. அதிகம் சொன்னவள் பக்கத்துக் காம்பரா கருப்பாயி. ஐம்பத்தாறு வயது. விடியலில் ரப்பர் பால்வெட்டுக்குப் போய், மத்தியானம் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு தன் உடம்பையே தொட்டுத் தொட்டுச் சொல்வாள்.

"இது நெஞ்சுக்குழி," என்றாள் ஒரு நாள். அவளுடைய கை மார்பின் நடுவில் தொடங்கி வயிற்றின் மேல்பக்கம் வரை இறங்கியது.

"மேலயா சின்னம்மா, கீழயா?"

"எல்லாந்தான் புள்ள. அழுக வந்தா அடைக்குமே, அங்கதான். பசிச்சா எரியுமே, அதுவும் அங்கதான்."

கோகிலா அதை அப்படியே நோட்டில் எழுதினாள். கணினிப் படிவத்தில் போடும்போதுதான் சிக்கல். சொல்லுக்கு ஓர் இடம் கேட்டது. உடற்கூற்றுப் புத்தகத்தைத் திறந்து பார்த்தாள். நெஞ்சுக்குழி என்பது விலா எலும்புகள் பிரியும் இடத்துக்குக் கீழே, வயிற்றின் மேல்நடுப் பகுதி என்று தெளிவாக இருந்தது. அந்த எண்ணைப் போட்டாள். பக்கத்தில் இன்னொரு கட்டம் இருந்தது: 'பேச்சில் வேறு இடத்தையும் குறிக்குமா?' இப்படி விளக்கம் எழுத வேண்டிய சொற்கள் நாற்பது மிச்சமிருந்தன. வெள்ளிக்கிழமைக்குள் பட்டியலை அனுப்ப வேண்டும். அடுத்த சுற்றில் நிரப்பலாம் என்று நாற்பதையும் வெறுமையாக விட்டாள். கணினி அவற்றுக்கு மஞ்சள் அடையாளம் போட்டது. இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று அர்த்தம். திங்கட்கிழமை அடையாளங்கள் மறைந்திருந்தன. றினாஸ் பார்த்து ஒப்புதல் கொடுத்துவிட்டார் என்று நினைத்து நிம்மதியானாள்.

தை மாதம் மாவட்டத்தின் ஓர் ஆஸ்பத்திரியில் அதைப் பரீட்சார்த்தமாக வைத்தார்கள். வெளிநோயாளர் பிரிவின் வாசலில் தொடுதிரை ஒன்று. மொழியைத் தெரிவு செய்து, வலிக்கும் இடத்தின் பெயரைத் தொட்டால் துண்டு வரும். சிவப்புத் துண்டு வந்தால் உடனே உள்ளே போகலாம். பச்சைத் துண்டு வந்தால் வாங்கில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். முதல் வாரம் போய்ப் பார்த்த நாகலிங்கம், திரையில் 'பொடனி' என்ற எழுத்தை வாசித்துவிட்டு வந்து லயம் முழுக்கச் சொன்னார்.

மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை கோகிலா கொழும்பில் இருந்தாள். பகல் ஒன்றரைக்கு அப்பா போன் எடுத்தார்.

"கருப்பாயி போயிட்டா."

"எங்கப்பா போனாங்க?"

"ஆஸ்பத்திரி வாங்கிலயே செத்துட்டாம்மா," என்றார்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் கருப்பாயியின் மகள் ஷாமிளா நடந்ததை எல்லாம் கோகிலாவிடம் சொன்னாள். அவளுக்கு இருபத்தி நாலு வயது. கேகாலை டவுனில் புடவைக் கடையொன்றில் வேலை. அன்றைக்கு லீவு. காலை எட்டு மணிக்கு மலையிலிருந்து இரண்டு பெண்கள் கருப்பாயியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். முகமெல்லாம் வேர்வை. நெஞ்சுக்குழிய அடைக்குது, கை சோந்து வருது என்றாளாம். தோட்டத்து டிஸ்பென்சரி பூட்டிக் கிடந்து இரண்டு வருடம். த்ரீவீலர் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

"எந்த மெசின்னாலும் நான் வழமையா சிங்களத்ததான் அமுக்குவேன் அக்கா. அம்மாவும் சிங்களம் நல்லாப் பேசுமே. அன்னைக்கு அம்மாதான், 'தமிழ அமுக்கு, நம்ம கோகிலா போட்டது' அப்படின்னு சொல்லிச்சு. அந்த நோவுலயும் அத நெனவா சொல்லிச்சு. எங்க வலிக்குதுன்னு நான் வாசிச்சு வாசிச்சுக் கேட்டேன். நெஞ்சுக்குழின்னுச்சு. தொட்டேன். பச்சத் துண்டு. எம்பத்தி நாலாம் நம்பர்."

"நர்ஸ் ஒன்னும் கேக்கலையா?"

"அவங்க கம்பியூட்டர்ல சிங்களத்துல வந்திருக்கு, மேல் வயிறுன்னு. கேஸ்ட்ரைடிஸான்னு கேட்டாங்க. அம்மா தலய ஆட்டிச்சு. நானும் அப்படித்தான் நெனச்சேன். ரெண்டரை மணித்தியாலம் இருந்தோம். தண்ணி கேட்டுச்சு. வாங்கிட்டு வர்றதுக்குள்ள சாஞ்சிருந்துச்சு." ஷாமிளா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஹார்ட் அட்டேக்குன்னு பிறகுதான் சொன்னாங்க."

அவள் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. பக்கத்துக் காம்பரா அக்காவிடம் துக்கத்தைச் சொன்னாள், அவ்வளவுதான். கோகிலா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தன் காம்பராவுக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள். லெப்டொப்பைத் திறந்து அந்தச் சொல்லைத் தேடினாள்.

நெஞ்சுக்குழி. பகுதி: வயிற்றறை. பதிந்தவர்: அவள் பெயர். பக்கத்துக் கட்டம் வெறுமை. ஒப்புதல்: றினாஸ். ஒரே நாளில், பத்து நிமிடத்துக்குள் நாற்பது சொற்களுக்கும் ஒப்புதல் விழுந்திருந்தது.

சிங்களப் பட்டியலைத் திறந்தாள். 'பப்புவ' என்ற சொல் மார்பறையோடு கட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் சிவப்பு. கருப்பாயி சிங்களத்தில் "பப்புவே அமாருவக்", அதாவது நெஞ்சில் நோவு, என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் ஈ.சி.ஜி. எடுத்திருப்பார்கள்.

உடனே றினாஸுக்கு அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"கேக்குதா சேர்?"

"கேக்குது. நான் அந்த நாப்பதையும் வாசிக்கல்ல கோகிலா. உங்களுக்குத் தெரியும்தானேன்னு விட்டுட்டேன். இப்பவே மாத்துறேன். ரெண்டு இடத்திலயும் போடுறேன், சிவப்புலயே வரட்டும்."

சாயங்காலத்துக்குள் மாற்றிவிட்டார். அதற்குச் சில நிமிடங்கள்கூடத் தேவைப்பட்டிருக்காது.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரி விசாரணை வைத்தது. ஆய்வுப் பிரிவிடமும் அறிக்கை கேட்டார்கள். றினாஸ் எழுதி, கையொப்பத்துக்குக் கோகிலாவிடம் நீட்டினார். அரைப் பக்கம்தான். 'நோயாளி தவறான சொல்லைத் தெரிவு செய்துள்ளார். கடமையிலிருந்த தாதி மேலதிகமாக விசாரிக்கவில்லை. தரவுத்தளத்திலுள்ள பதிவு உடற்கூற்றியலின்படி சரியானது.'

"எது சேர் தவறான சொல்லு?"

"கோகிலா, உங்க பதிவு புத்தகத்தின்படி சரிதானே? அதுல பொய் இல்லயே."

"அவங்க சொன்னதும் சரிதான். ரெண்டும் சரின்னு எழுதுங்க. நாங்க வெறுமையா விட்ட கட்டத்தையும் எழுதுங்க."

றினாஸ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எழுதினா என்ன நடக்கும்னு யோசிச்சீங்களா? பிழைய திருத்தப் போறதில்ல. தமிழையே எடுத்துருவாங்க. இந்த ஒரு ஆஸ்பத்திரிலதான் தமிழ் இரிக்கி. அதுவும் போயிடும்."

அவர் சொன்னதில் சுயநலம் மட்டும் இருந்ததாகக் கோகிலாவுக்குப் படவில்லை. அதுதான் அவளை மூன்று நாள் அலைக்கழித்தது. நாலாம் நாள், அவருடைய தாளில் கையொப்பமிடாமல், தனியாக இரண்டு பக்கம் எழுதினாள். தான் கேட்டதை, நோட்டில் எழுதியதை, படிவத்தில் எழுதாமல் விட்டதை, இறப்புக்குப் பிறகு பதிவு மாற்றப்பட்டதை. தரவுத்தளத்தின் திருத்தக் குறிப்புகளை அச்செடுத்து இணைத்தாள். விசாரணை நாளில் அதைக் குழுவிடம் நேரில் கொடுத்தாள்.

வெளியே நடைபாதையில், அன்று கடமையிலிருந்த தாதி சந்தமாலி உட்கார்ந்திருந்தாள். கோகிலா வயதுதான் இருக்கும். கோகிலா இன்னாரென்று தெரிந்ததும் எழுந்து வந்து சிங்களத்தில் பேசினாள்.

"அந்த மகள் என்னைவிட நன்றாகச் சிங்களம் பேசினாள். நான் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். துண்டு பச்சையாக இருந்தது. அன்றைக்கு முந்நூறு பேர். அம்மாவின் முகத்தை நான் பார்க்கவே இல்லை."

கோகிலா தன் அறிக்கையைப் பற்றிச் சொன்னாள். சந்தமாலி தலையசைத்தாள். நன்றி சொல்லவில்லை. "அது என்னைக் காப்பாற்றாது. பச்சைத் துண்டில் கையொப்பம் போட்டது நான்," என்றாள்.

அவள் சொன்னபடியே ஆயிற்று. பங்குனி முடிவதற்குள் அவளைத் தூரத்து எம்பிலிப்பிட்டியப் பக்கம் மாற்றிவிட்டார்கள். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனதாகக் கேள்வி. றினாஸ் சொன்னதும் நடந்தது. திரையில் தமிழ்ப் பொத்தானை எடுத்துவிட்டார்கள். 'தமிழ்ச் சொற்கள் மீளாய்வில் உள்ளன' என்று தமிழிலேயே ஒரு தாளை ஒட்டினார்கள். கோகிலாவின் ஒப்பந்தம் சித்திரையோடு முடிந்தது, புதுப்பிக்கப்படவில்லை. கடைசி நாளில் றினாஸ் கேட் வரைக்கும் வந்தார்.

ஷாமிளாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஒரே லயம், ஒரே தண்ணீர்ப் பீலி. காலையில் தண்ணீர் பிடிக்கும்போது "சாப்டீங்களாக்கா?" என்று ஷாமிளா கேட்கும் ஒவ்வொரு முறையும் கோகிலா பாதிக் குடத்தோடு திரும்பிவிடுவாள். அப்பாவிடம் சொன்னாள். நாகலிங்கம் தரையைப் பார்த்தபடி, "சொல்லிறாதம்மா. நாங்க இங்கதான இருக்கணும்," என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், ஷாமிளா அம்மாவின் சேலைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது கோகிலா போய்ச் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. ஷாமிளா மடிப்பதை நிறுத்தவில்லை. கடைசிச் சேலையையும் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்ப, சிங்களத்துல அமுக்கியிருந்தா?"

"பொழச்சிருக்கலாம். நிச்சயமாச் சொல்ல முடியாது. ஆனா உள்ள எடுத்திருப்பாங்க."

"நாந்தானே தொட்டேன்." தன் விரலைப் பார்த்தாள். "அந்த நெஞ்சுங்கிற எழுத்து அதுக்கு மேலயே இருந்துச்சு அக்கா. நான் அத வாசிச்சேன்."

"உன் மேல பிழை இல்ல ஷாமிளா."

"இத எதுக்கு எங்கிட்டச் சொன்னீங்க?" இப்போதுதான் குரல் உயர்ந்தது. "அம்மா போனத நான் எப்படியோ தூக்கிக்கிட்டேன். இப்ப இதையும் சேத்துத் தூக்கணும். உங்களுக்கு எறக்கி வைக்கணும்னா கோயிலுக்குப் போயிருக்கலாமே. வெளிய போங்க."

கோகிலா எழுந்து போனாள்.

அதன்பிறகு பேச்சு இல்லை. லயத்தில் செய்தி பரவியது. நாகலிங்கம் பீலியடிக்குப் போனால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். கோகிலா வேலைக்கு விண்ணப்பங்கள் அனுப்பிக்கொண்டு உள்ளேயே இருந்தாள்.

இருபது நாள் கழித்து, மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் ஷாமிளா வந்தாள். படியில் நின்றாள், உள்ளே வரவில்லை.

"அந்த ரெண்டு பக்கம். ஆஸ்பத்திரிக்குக் குடுத்தீங்களே. எனக்கு ஒரு கொப்பி வேணும். விசாரணக் கடுதாசியில அம்மாவுக்கு அல்சர் இருந்திச்சுன்னு எழுதி முடிச்சிருக்காங்க. நான் மேலிடத்துக்கு முறைப்பாடு போடப் போறேன்."

கோகிலா ஃபைலை எடுத்துவந்து தாள்களைப் பிரித்தாள்.

"உங்க பேருதான் மொதல்ல வரும்," என்றாள் ஷாமிளா. முகத்தில் இளக்கம் எதுவும் இல்லை. "ஒங்களையும் விடமாட்டேன்."

"வரட்டும்."

கோகிலா பேனாவைத் தேடி எடுத்து, ஒவ்வொரு தாளின் அடியிலும் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதிக் கையொப்பமிட்டாள். ஷாமிளா தாள்களை வாங்கி, நனையாமல் பொலித்தீன் பையில் சுற்றி, சட்டைக்குள் வைத்துக்கொண்டு மழையில் இறங்கி பஸ் ரோட்டை நோக்கி நடந்தாள்.