ப்ளக் பேசாத பகல்

அஃப்ரீன் ஃப்ரீசரைத் திறந்து பால் பைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். எல்லாம் கல்லாகத்தான் இருந்தன. ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. கைபேசிச் செயலியில் நேற்றுப் பகல் முழுக்க ஃப்ரீசருக்கு நேரான கட்டம் வெறுமையாகக் கிடந்தது. மின்சாரம் ஓடியதா, நின்றதா, ஒரு தகவலும் இல்லை.

மாதம் நிறையாமல் பிறந்த மகன், லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். மாவுப்பால் கொடுத்தபோது வயிறு வீங்கி, பிழைத்ததே பெரும்பாடாகிவிட்டது. காய்ச்சலில் விழுந்த பிறகு அவளுக்கோ பால் அடியோடு வற்றிவிட்டது. அதற்கு முன்னால் பிழிந்து சேர்த்தவைதான் இந்தப் பைகள். இவையும் போனால் பிள்ளைக்கு எதைக் கொடுப்பது?

கணவன் ஷாஹித்துக்கு ஒரு கிறுக்கு. செங்காங் வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து, கரண்ட் மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று எல்லாவற்றுக்கும் செயலியோடு பேசும் ஸ்மார்ட் ப்ளக் மாட்டிவைத்திருந்தான். ஆள் இல்லையென்றால் வீடே எல்லாவற்றையும் அணைக்கும். ஆள் வந்தால் போடும். ஃப்ரீசரை மட்டும் தொடாதே என்று அதற்குச் சொல்லிவைத்திருந்தான். போதாக்குறைக்கு, பிள்ளையை வீடியோவில் தெளிவாகப் பார்க்க வேண்டுமென்று முந்தாநாள் பெரிய வைஃபை பெட்டி ஒன்றை வாங்கிவந்து ஃப்ரீசர் தலையிலேயே வைத்தான். பாசத்தில் செய்தவனை எப்படித் திட்டுவது?

"ரெண்டும் ஒரே அலைவரிசை லா," என்றான் ஷாஹித். "வைஃபை கத்துனா ப்ளக் பேசுறது கேக்காது. கேக்கலன்னா ஆஃப் ஆயிடுச்சுன்னு அர்த்தமில்ல. சேனல மாத்திட்டேன். இப்ப ரெண்டும் ஒத்துப்போகுது பாரு."

"நேத்து ஒத்துப்போகலியே மச்சான். கனெக்‌ஷன் விட்டுப்போன ப்ளக், திரும்பச் சேரும்போது புதுசாத்தானே சேரும்? ஃப்ரீசரத் தொடாதேன்னு நீங்க சொன்னது அதுக்கு ஞாபகம் இருந்திருக்குமா?"

ஷாஹித் ஒரு பையை எடுத்து விரலால் தட்டிப் பார்த்தான்.

"கல்லு மாதிரிதானே இருக்கு," என்றான். "உருகியிருந்தா தெரியாதா?"

பகலில் உருகி, இருவரும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வீடே கரண்டைப் போட்டு மறுபடி உறைந்திருந்தால்? அப்படிப்பட்ட பாலைக் கொடுக்கவே கூடாது என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். யா அல்லாஹ், ப்ளக் பேசாமல் மட்டும் இருந்திருக்கட்டும், அணையாமல் இருந்திருக்கட்டும் என்று அஃப்ரீன் மன்றாடினாள்.

"ஆஸ்பத்திரிக்கு டாக்ஸி வந்துடுச்சு, போடு," என்று ஷாஹித் ஐஸ் பையை விரித்துப் பிடித்தான்.

மேலே அடுக்கியிருந்தவற்றை எடுத்துப் போட்டாள். கம்பித் தட்டை ஒட்டி அடியில் கிடந்த பை மட்டும் வரவில்லை. இழுத்தாள், அசையவில்லை. கையை அடியில் விட்டுத் தடவினாள். தட்டையாக உறையவைத்த பிறகுதான் ஒவ்வொரு பையையும் அவள் இங்கே அடுக்குவாள். அந்தப் பை எப்போதோ உருகிக் கம்பிகளுக்கு நடுவே பிதுங்கி இறங்கி, அவற்றைக் கவ்விக்கொண்டு உறைந்திருந்தது.

ஷாஹித் ஐஸ் பையின் வாயை இன்னும் அகலமாக விரித்தான்.