மாயவனுக்குச் சொன்னது

சென்னையில் அந்தக் கண்காட்சிக் கூடத்துக்குள் வெள்ளச்சி கால் வைத்தபோது, அவளுடைய குரல் அவளுக்கு முன்னாலேயே உள்ளே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது.

பயந்துவிடாதீர்கள், கண்ணுகளா. பேயுமில்லை, பிசாசுமில்லை. நாலு மூலையிலும் ஸ்பீக்கர் கட்டி, நடுவில் வெள்ளை வேட்டிகளைத் தொங்கவிட்டு, அதன் மேல் நீல வெளிச்சம் பாய்ச்சியிருந்தார்கள். வேட்டிக்கு இந்தப் பக்கம் நின்று சிலர் கண்ணை மூடிக் கேட்டார்கள். அந்தப் பக்கம் சிலர் குட்டி சமோசா தின்றுகொண்டே கேட்டார்கள்.

"மூணு வேளையும் மூஞ்சி சுளிச்சாளே, மாயவனே என் பொறப்பே, போட்ட சோத்த பாதியில புடுங்குனாளே உன் பொண்டாட்டி..."

செத்துப்போன தம்பிக்கு வெள்ளச்சி அழுத ஒப்பாரி அது.

கரியாலூருக்கு மேலே, மலைமேல் ஊர் அவளுக்கு. போன கார்த்திகையில் அவள் தம்பி மாயவன் மலைப்பாதை வளைவில் பைக்கோடு விழுந்து செத்துப்போனான். அன்றைக்கு, அணில்வால் மாதிரி பஞ்சு சுற்றிய மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவன் பந்தல் ஓரமாக நின்றான். சாவு வீட்டுக்கு வந்தவரை வா என்று சொல்வதில்லை. ஏன் வந்தாய் என்று கேட்பதுமில்லை. அவன் மாயவனின் பெண்சாதி சின்னப்பொண்ணு வழி ஆள் என்று வெள்ளச்சி நினைத்தாள். மாயவனோடு கேரளாவில் வேலை பார்த்தவனாயிருக்கும் என்று சின்னப்பொண்ணு நினைத்தாள். யாரோ அவனுக்கு டீ கூடக் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, சொல்லாமல் போய்விட்டான். சாவு வீட்டில் அப்படித்தானே போக வேண்டும்?

பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து அழுகிறவள் எதையும் சொல்லலாம். சாமியை ஏசலாம், டாக்டரை ஏசலாம், பக்கத்தில் உட்கார்ந்து அழுகிற தம்பி பெண்சாதியையே ஏசலாம். பிணம் வாசலைத் தாண்டியதும் அந்தப் பேச்செல்லாம் அதோடு போய்விடும். அப்புறம் அதை எடுத்துப் பேசுகிறவளுக்கு ஊரில் மரியாதை இல்லை. வெள்ளச்சியும் சின்னப்பொண்ணும் அன்று மாலையே ஒரு சட்டிக் கஞ்சியை ஆளுக்குப் பாதியாகக் குடித்தவர்கள். ஒரே வீடு, ஒரே அடுப்பு. மாயவனின் குழந்தை இருவர் மடியிலும் மாறி மாறித் தூங்கியது.

ஆறு மாதம் கழித்து அந்த அழுகை செல்போனில் வந்தது. "மலையின் கண்ணீர்" என்று பேர் போட்டு, கீழே எழுத்தும் ஓடியது. மலையிலே பையன்கள் அதை ஸ்டேட்டஸ் வைத்தார்கள். சந்தையில் ஒருத்தி சின்னப்பொண்ணைப் பார்த்து, "சோத்தப் புடுங்கனவ நீதானா?" என்று கேட்டாள்.

சின்னப்பொண்ணு துணிமணியைக் கட்டிக்கொண்டு குழந்தையோடு தாய்வீட்டுக்குக் கிளம்பினாள்.

"அன்னிக்கு நீ அழுவறப்ப நானும் கூடத்தான் அழுதன், அண்ணி. அது அன்னியோட போச்சு. இப்ப தெனம் பாடிக்கினே கீற. அது நிக்கிற வரைக்கும் இந்த வூட்டுப் படி மிதிக்கமாட்டன்."

"நானா பாடறன்? எவனோ போட்டுக்கினு கீறான்டி!"

"கொரலு உன்துதானே?"

அதனால்தான் இந்தப் பயணம். சென்னையில் நர்சிங் படிக்கிற மகள் தமிழ்ப்ரியா விலாசம் கண்டுபிடித்துக் கூட்டி வந்திருந்தாள்.

"எவன்டி அவன்? காட்டு."

தமிழ்ப்ரியா கை காட்டினாள். கதர் ஜிப்பா, தாடி. அதே ஆள்தான். அவனும் வெள்ளச்சியை அடையாளம் கண்டுகொண்டு இரண்டு கையையும் விரித்தபடி ஓடி வந்தான்.

"அம்மா! நீங்களே வந்துட்டீங்களா! உங்க கொரலக் கேட்டு இங்க எத்தன பேர் அழுதாங்க தெரியுமா?"

"அவங்க வூட்ல எவன் செத்தான்?"

அவன் சிரித்துச் சமாளித்தான். "நானும் உங்க பக்கத்துக்காரன்தாம்மா. நைனார்பாளையம். சுப்புராயன் மகன், இளவரசன். மலை சனங்களோட வலிய உலகம் கேக்கணும்னுதான்..."

"வலி என்துடா. கேக்காம எடுத்துக்கினு வந்துட்டு ஒலகத்துக்குக் குடுக்கறியா? மொதல்ல நிறுத்து அத."

"ஞாயித்துக்கெழம வரைக்கும் நடக்கும்மா. நடுவுல நிறுத்த முடியாது." அவன் சுவரில் ஒட்டியிருந்த அட்டையைக் காட்டினான். "பேர் தெரியாததால மலைப்பெண்னு போட்டுட்டேன். இப்பவே உங்க பேரப் போட்டுடறேன். பெருமையா இருக்கும்."

"ஐயோ, பேர வேற போடறானாம்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் தமிழ்ப்ரியா. "எங்க அத்த வூட்ட விட்டே போயிட்டாங்க சார், உங்க பெருமையால. அது சாவு வூட்ல சொன்ன பேச்சு. வெளிய வரக்கூடாது. உங்க ஊர்ல இதெல்லாம் கெடையாதா?"

"இருக்கும்மா. ஆனா கலைன்னு வரப்ப..."

அவன் முடிக்கவில்லை. வெள்ளச்சி செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். தொங்கிய வேட்டிகளுக்கு நடுவே போய், காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தாள். கூந்தலை அவிழ்த்தாள். மார்பில் ஓங்கி ஒரு அடி. கூடமே திரும்பிப் பார்த்தது.

"நைனார்பாளையத்து நஞ்சையெல்லாம் யாருக்கய்யா, ராசா...
சுப்புராயன் பெத்த மவன் சுருண்டு கெடக்கறியே...
தாடியில ஈ மொய்க்க, ஜிப்பாவுல மண்ணு ஒட்ட,
பட்டணத்துக் கூடத்துல பாட கட்டிக் கெடக்கறியே...
இளவரசா... என் இளவரசா..."

இளவரசனின் முகம் வெளுத்துவிட்டது. சென்னையில் பத்து வருடம் இருந்தால் என்ன? உயிரோடு நிற்கிறவன் பேரைச் சொல்லி, அப்பன் பேரைச் சொல்லி, ஊரைச் சொல்லி ஒருத்தி மாரடித்து அழுதால் அது என்னவென்று அவனுக்குத் தெரியும். அவன் அம்மா கேட்டால் அங்கேயே மயங்கி விழுவாள்.

"ஐயோ, வேணாம்மா! எங்கப்பா பேர விடுங்க!"

வெள்ளச்சி விடவில்லை. இந்த முறை அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, அதுதான் இன்னும் பயங்கரம். ஸ்பீக்கரில் ஒரு வெள்ளச்சி மாயவனுக்கு அழ, தரையில் ஒரு வெள்ளச்சி இளவரசனுக்கு அழுதாள். சுற்றி நின்றவர்கள் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்துவிட்டார்கள், பாவம். யாரோ முதலில் தட்ட, எல்லோரும் கைதட்டினார்கள்.

இளவரசன் கூட்டத்தை இடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் ஓடி, வயரை இழுத்துப் பிடுங்கினான். நீல வெளிச்சமும் சேர்ந்து அணைந்தது. ஸ்பீக்கர் வாயை மூடியது.

வெள்ளச்சியும் நிறுத்தினாள். கைதட்டல் மட்டும் இன்னும் ஓயவில்லை.

"இன்னா தட்டறீங்க?" என்று உட்கார்ந்தபடியே கத்தினாள். "இங்க எவன் செத்தான்னு கை தட்டறீங்க? போங்க, அவங்கவங்க வூட்டுக்குப் போங்க!"

சமோசாத் தட்டோடு நின்ற ஒரு பெண் தட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

இளவரசன் அவள் காலடியில் குந்தினான். கை கூப்பினான். "நிறுத்திட்டேன்மா. நீங்க பாடனத திருப்பி எடுத்துக்கோங்க. நல்லா இருன்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

"என் தம்பியோடத நீ திருப்பி எடுத்தியா?"

"எடுத்துடறேன். போன்ல இருக்கறது, எல்லாத்தையும் எடுத்துடறேன்."

"எடுத்துட்டு மலைக்கு வா. சின்னப்பொண்ணு எதுர்ல நின்னு, இன்னா பண்ணன்னு உன் வாயால சொல்லு. அவ கேட்டப்பறம் நீ நல்லா இருக்கறதப் பத்திப் பேசலாம்."

கூந்தலை முடிந்துகொண்டு எழுந்தாள். செருப்பில் ஒன்றை யாரோ மிதித்து வார் பிய்ந்திருந்தது. அதற்கும் சேர்த்து வாசல் வரைக்கும் திட்டிக்கொண்டே போனாள்.

மறுநாள் காலை கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி மலை பஸ்ஸுக்கு நின்றபோது போன் அடித்தது. சின்னப்பொண்ணு.

"அண்ணி, தமிழ்ப்ரியா சொன்னா. அந்தாளுக்கு எனக்கு வுட்டதவிட ஜாஸ்தியா வுட்டியாமே?"

"ஏன், உனக்குக் கம்மியாப்போச்சா?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். சிரிப்பா அழுகையா, தெரியவில்லை.

"நிறுத்திட்டானா?"

"நிறுத்திட்டான். வூட்டுக்கு வந்து உன் எதுர்ல நிக்கச் சொல்லிக்கீறன்."

குழந்தை பக்கத்தில் எதற்கோ அடம்பிடித்துக்கொண்டிருந்தது. அதை அதட்டிவிட்டு சின்னப்பொண்ணு கேட்டாள், "எப்ப வரானாம்?"

"அதக் கேக்கல."

"அவன் வரப்ப நான் அங்க இருக்கணுமில்ல?"

வெள்ளச்சி போனை இறுகப் பிடித்துக்கொண்டாள். "இருக்கணும். நீ இன்னிக்கே வந்துடு. ஆனா அவன் வந்து நின்னா, வான்னு மட்டும் சொல்லிடாத."