கைகளை எண்ணிய செயலாளர்

கொழும்பிலிருந்து வந்த கடிதத்தை டொக்டர் மீராமுகைதீன் மூன்று தரம் வாசித்தார். மூன்று தரமும் அது ஒன்றையேதான் சொன்னது. கரையோர வைத்திய சேவையாளர் சங்கத்தின் இலவசக் கிளினிக்குக்குப் பதினைந்து தொண்டர்களாவது வராவிட்டால், தலைமைச் சங்கம் தந்திருக்கிற வேன் மாத முடிவில் வேறு ஊருக்குப் போய்விடும்.

வேன் போனால் கிளினிக் போச்சு. வயல்களுக்கு நடுவே, பஸ் எட்டிப் பார்க்காத ஒரு குடியேற்றத்தில் மாதம் ஒரு ஞாயிறு நடக்கிற கிளினிக் அது. இல்லாவிட்டால் அங்குள்ள வயிற்றுப்பிள்ளைக்காரிகள் உழவு மெசின் பெட்டியில் குலுங்கிக் குலுங்கிக் கல்முனைக்கு வர வேண்டும். அப்படி வந்த ஒருத்திக்குப் பாதி வழியிலேயே பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளை தங்காமல் போனதற்குப் பிறகுதான் சங்கச் செயலாளரான டொக்டர் ஓடித் திரிந்து இதைத் தொடங்கினார். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டில் இருபத்திரண்டு பேர் வந்தார்கள். இப்போது தொண்ணூற்றாறு. போன மாதம் வேனில் ஏறியது ஆறு பேர், அதில் பெண் ஒரே ஒருத்தி.

மனுசனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆளுக்கொரு சாட்டுச் சொல்கிறார்கள், பெயரை மட்டும் சங்கத்தில் எழுதி வைத்துவிட்டுக் காலை நீட்டிப் படுக்கிறார்கள் என்று மருந்துக்கடை முனாபிடம் அரை மணித்தியாலம் பொரிந்து தள்ளினார். பெண்களுக்கு நாம் என்ன குறை வைத்தோம் என்பது அவருடைய பெரிய ஆவலாதி. சும்மா சொல்லக் கூடாது, வேறு எந்தச் சங்கத்திலும் மருத்துவிச்சிமாரையும் தாதிமாரையும் டொக்டர்மாரோடு சமமான அங்கத்தவராகச் சேர்க்காத காலத்தில் சேர்த்தவர் அவர்தான். பாடசாலை மண்டபத்தில் கூட்டம் நடக்கும்போது ஆண்கள் முன்பக்கம், பெண்கள் திரைக்குப் பின்பக்கம். அது அந்த ஊர் மரியாதை. பச்சைத் துணி வாங்கி, ஆணி அடித்து, அந்தத் திரையைக் கட்டியதும் அவர்தான்.

முனாப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, என்னிடம் கத்தி என்ன பலன், வராதவர்களிடம் போய்க் கேளுங்கள் என்றார். அது டொக்டருக்குச் சுருக்கென்று தைத்தது. அன்று பின்னேரமே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மருத்துவிச்சி சுபைறா வீட்டுக்குப் போனார். டொக்டரின் இரண்டு பிள்ளைகளுக்கும் பேறு பார்த்தவர் சுபைறா. தொடங்கிய வருசம் ஒரு ஞாயிறும் தவறாமல் வந்தவர், பிறகு ஆளையே காணோம்.

சுபைறா பிளேன்டி ஊற்றிக் கொடுத்து, வீட்டுச் சுகமெல்லாம் விசாரித்தார். டொக்டர் கடிதத்தை நீட்டினார். வாசித்ததும் சுபைறாவின் முகம் சுண்டிப் போனது. அந்தக் குடியேற்றத்துத் தாய்மாரை ஒவ்வொருத்தராகப் பெயர் சொல்லி விசாரித்தார். இவ்வளவு கவலைப்படுகிறவர் ஏன் வரவில்லை என்று டொக்டர் கொஞ்சம் சூடாகவே கேட்டுவிட்டார்.

"காலம்பற ஆறு மணிக்கு வேன் வெளிக்கிட்டா எங்களால எப்படி டொக்டர் வர ஏலும்? பிள்ளையளுக்குத் தின்னக் குடுத்து, குர்ஆன் ஓத அனுப்பி, அதுக்குப் பிறகுதானே நாங்க வாசல் தாண்டலாம். ஒன்பது மணி எண்டா வரலாம் எண்டுதானே அண்டைக்கு எல்லாப் பொம்புளையளும் கை தூக்கினம்."

"எண்டைக்கு?"

"நேரத்தை மாத்த வோட்டு எடுத்த அண்டைக்கு."

டொக்டர் கோப்பையைக் கீழே வைத்தார். அந்த நாள் அவருக்கு நல்ல ஞாபகம். வெயில் ஏறுமுன் திரும்பலாம் என்று ஆறு மணியைப் பிரேரித்தது அவரே. ஆறு மணிக்கு விருப்பமானவர்கள் கை உயர்த்துங்கள் என்றார், முன்பக்கம் அத்தனை பேரும் உயர்த்தினார்கள். மறுப்பவர்கள் உயர்த்துங்கள் என்றார், அவருடைய கண்ணுக்கு ஒரு கையும் தெரியவில்லை. ஏகமனதாக நிறைவேறியது என்று கூட்டக்குறிப்பில் எழுதிக் கையெழுத்தும் வைத்தார். பச்சைத் திரைக்குப் பின்னால் அந்த நேரம் எத்தனை கைகள் உயர்ந்து நின்றனவோ, யா அல்லாஹ், அவருக்கெப்படித் தெரியும்?

"நான் காணல்லியே சுபைறா" என்றார்.

சுபைறா திகைத்துப் போனார். "நீங்க எண்ணித்தான் சொல்றீங்க, நாங்க தோத்திட்டம் எண்டுதானே நினைச்சம். மூணு வருசமா எல்லா வோட்டிலயும் தோத்துக்கொண்டுதான் இரிக்கம்."

இதைக் கேட்டு மனுசன் தலையில் கை வைத்துக்கொண்டார். பாருங்கள் கூத்தை! செயலாளர் நேர்மையானவர், அவர் கணக்கைச் சந்தேகப்படுவது மரியாதையில்லை என்று அவர்கள் வாய் திறக்கவில்லை. பெண்கள் மறுத்தால் சொல்லியிருப்பார்களே என்று இவர் கேட்கவில்லை. மரியாதையிலேயே சங்கம் நாசமாகப் போக இருந்தது.

திரையை நாளைக்கே கழற்றி எறிகிறேன் என்று எழும்பினார் டொக்டர்.

"அது கிடக்கட்டும் டொக்டர். அதுக்குப் பின்னால எங்களுக்கு வசதிதான். எங்கட பக்கம் எண்ணுறதுக்கு ஒராளை வைங்க, அதுவே காணும்."

அந்தக் கிழமை முழுக்க டொக்டர் வீடு வீடாகப் போனார். சனிக்கிழமை பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு மண்டபம் நிறைந்தது. நடந்ததை மறைக்காமல் எல்லார் முன்னாலும் சொன்னார். பிறகு வோட்டு. ஆறு மணி வேண்டுமென்று முன்பக்கம் பத்துக் கைகள், அதில் ஒன்று டொக்டருடையது. மதியம் தன் டிஸ்பென்சரியைத் திறக்க வேண்டும் என்பதால் ஆறு மணிப் பிடிவாதம் அவருக்கு இன்னும் போகவில்லை. ஒன்பது மணிக்கு முன்பக்கம் இரண்டு.

"இங்க பதினேழு" என்றார் திரைக்குப் பின்னாலிருந்து சுபைறா.

செயலாளர் தோற்றுப்போனார். பின்பக்கம் யாரோ களுக்கென்று சிரிக்க, டொக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்போது திரைக்குப் பின்னால் இன்னொரு குரல் கேட்டது. காரைதீவுத் தாதி தர்சினி, அந்தப் பக்கம் இருந்த ஒரேயொரு தமிழ்ப் பிள்ளை.

"டொக்டர், எங்கட பக்கத்துச் செக்கிங் சென்றியில ஆறரைக்குப் பிறகுதான் ஆக்களை விடுவாங்க. அது தெரிஞ்சுதான் ஆறு மணி வைச்சிருக்கு, என்னை வர வேணாம் எண்டு சொல்றதுக்கு ஒரு வழி எண்டு நினைச்சிருந்தன்."

தமிழ் ஊர்களுக்கும் முஸ்லிம் ஊர்களுக்கும் இடையில் எத்தனையோ நடந்து, ஒருவரை ஒருவர் பார்க்கவே தயங்கிய வருசங்கள் அவை. அப்படி நினைத்துக்கொண்டும் இந்தப் பிள்ளை ஒரு கூட்டமும் தவறாமல் வந்து அந்தத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். டொக்டரின் கண்கள் கலங்கின.

"மகள், அப்படி நினைச்சும் எங்களை விட்டுப் போகாம இருந்தியே. உனக்கு நான் என்ன சொல்ல? பெரிய உபகாரம்மா" என்றார்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அவர் வேனடிக்குப் போனபோது பத்தொன்பது பேர் நின்றார்கள். தர்சினி முன்னாலேயே வந்து மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தாள். நெருக்கி அடித்து எல்லாரும் ஏறியதும் பார்த்தால், செயலாளருக்கு இடமில்லை. இறங்குகிறோம் என்று இரண்டு மூன்று பேர் எழும்பினார்கள். இருங்கள் இருங்கள் என்று அவரே கதவை இழுத்துச் சாத்தினார்.

தன்னுடையதை வீட்டில் விட்டு வந்திருந்ததால், முனாபின் மோட்டார் சைக்கிளில் பின்னால் தொற்றிக்கொண்டு போனார் டொக்டர். வயல் ரோட்டில் வேன் கிளப்பிய புழுதி முழுக்க அவர் முகத்தில்தான். கொஞ்சம் விலகி ஓட்டட்டுமா என்று முனாப் கேட்டார். வேண்டாம், பின்னாலேயே போ என்று சொல்லிவிட்டு, வாய் நிறையப் புழுதியோடு அல்ஹம்துலில்லாஹ் என்றார்.