நாலு கம்பியும் நூறு வாட்ஸும்

செவ்வாய்க்கிழமை காலை, தில்லைநகர் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஒருவரின் கையிலிருந்து ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தபோதுதான் ஆனந்தவள்ளியின் போனுக்கு அந்தச் செய்தி வந்தது. அனுப்பியவர் அமிர்தராஜ். அவள் வாசிக்கும் மெல்லிசைக் குழுவை நடத்துபவர். கீபோர்டு வாசிப்பவரும் அவர்தான்.

"சனிக்கிழமை ஸ்ரீரங்கம் ரிசப்ஷன் உறுதியாயிடுச்சு. பேஸ் நீங்களே வாசிங்க. ஆனா கிட்டாரும் ஆம்பும் உங்களோடதா இருக்கணும். இல்லன்னா நான் கீபோர்டுலயே பேஸைச் சமாளிச்சுக்கறேன்."

மூன்று தடவை படித்தாள்.

"கையை எடுத்துக்கலாமாம்மா?" என்று அந்த மனிதர் கேட்ட பிறகுதான் அவர் கையை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பது அவளுக்கு உறைத்தது.

நாலு வருடமாக அந்தக் குழுவில் அவள் சாதாரண கிட்டார் வாசித்துவந்தாள். ஆனால் மனசெல்லாம் கனத்த அடிச்சுரம் தரும் பேஸ் கிட்டாரில்தான். குழுவின் பேஸ்காரன் வளவன் ஒத்திகைக்கு நடுவே டீ குடிக்கப் போகும்போதெல்லாம் அவனுடைய கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். "தேய்ச்சுடாதீங்கக்கா" என்று சிரித்துக்கொண்டே போவான் அவன். ரெண்டு வருடத்து டீ நேரத்தில் அவள் முக்கால்வாசிப் பாட்டுகளுக்கு பேஸ் பழகிவிட்டாள். கேட்க வருகிறவர்கள் பாடுகிறவரைப் பார்ப்பார்கள், புல்லாங்குழலைப் பார்ப்பார்கள். பேஸை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் அது நின்றுபோனால் பாட்டுக்குக் கால் இல்லாமல் போய்விடும். அதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது. போன மாதம் வளவன் துபாய்க்கு வேலைக்குப் போனான். கிட்டாரும் அவனோடு விமானம் ஏறியது; சத்தத்தைப் பெருக்கித் தரும் ஆம்ப் பெட்டியை விற்றுவிட்டுப் போனான்.

கையில் முப்பத்தெட்டாயிரம் இருந்தது. வாஷிங் மெஷினுக்கென்று சீட்டுப் போட்டு எடுத்த பணம். கணவன் ரெங்கராஜுக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. விஷயத்தைச் சொன்னதும் சாப்பிட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தான்.

"இன்னும் ஒரு வருஷம் துணியை நாம கையாலயே துவைப்போம்" என்றான். "நாமன்னு சொல்லியிருக்கேன். கவனிச்சியா?"

"கவனிச்சேன். அதான் பயமா இருக்கு" என்றாள் அவள்.

புதன்கிழமை அரைநாள் விடுப்பு போட்டுவிட்டுச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் இருந்த வாத்தியக் கடைக்குப் போனாள். துணைக்கு ஷெர்லின் வந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், குழுவில் டிரம்ஸ். அவளுக்கு இருபத்தொன்பது வயது, ஆனந்தவள்ளிக்கு முப்பத்தாறு. இரண்டு பேரும் படியேறும்போதே ஷெர்லின், "அக்கா, உள்ள போனதும் மூஞ்சியைக் கொஞ்சம் உம்முன்னு வெச்சுக்கங்க. இப்படிப் பல்லைக் காட்டிட்டுப் போனா விலையைக் கூட்டிச் சொல்லுவாங்க" என்றாள். ஆனந்தவள்ளி எவ்வளவோ முயன்று பார்த்தாள். முடியவில்லை.

கடையில் இருந்த ஆஸ்டின் ஆளைப் பார்த்ததும் எடை போடத் தெரிந்தவன். நேராக ஒரு மயில்கழுத்து நீல ஐந்து கம்பி பேஸை இறக்கினான். மேலே கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. அதைக் கொண்டுபோய்க் கடையின் மூலையில் பீரோ உயரத்துக்கு நின்ற ஆம்பில் செருகினான்.

"வாசிங்க மேடம்."

அவள் ஒரு கம்பியைச் சுண்டினாள். சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் பாதத்துக்கு வந்தது. உள்ளங்கால் வழியாக ஏறி வயிற்றில் வந்து உட்கார்ந்தது. இன்னொரு தடவை சுண்டினாள். இதுதான், இதேதான் என்று அவளுக்குப் பட்டது.

"முப்பதாயிரம். சனிக்கிழமை வரைக்கும்தான் இந்த விலை" என்றான் ஆஸ்டின்.

எடுத்துவிடலாம் என்று அவள் வாயைத் திறப்பதற்குள் ஷெர்லின் முந்திக்கொண்டாள். "மிச்சம் எட்டாயிரம் இருக்கு. எட்டாயிரத்துக்கு என்ன ஆம்ப் தருவீங்க?"

ஆஸ்டின் மேசைக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்தான். டிபன் கேரியரைவிடக் கொஞ்சம் பெரிது.

"அக்கா, அதுல போட்டு அதே மாதிரி வாசிங்க."

வாசித்தாள். அதே கிட்டார்தான், அதே விரல்தான். ஆனால் எண்ணெய் டின்னைத் தட்டியது போல வந்தது. அடியில் இருந்த கனம் எங்கோ போய்விட்டது. ஆனந்தவள்ளி நீலக் கிட்டாரைப் பார்த்தாள், அந்தப் பெரிய ஆம்பைப் பார்த்தாள். இவ்வளவு நேரம் அவள் கேட்டு மயங்கியது கிட்டாரை அல்ல, விலைக்கு எட்டாத அந்த ஆம்பை.

அதற்குப் பிறகு அவள் நிதானமானாள். ஒரு மாதிரித் தெம்பும் வந்தது. எதையும் ஆம்பில் செருக வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சுவரில் தொங்கிய நாலு கம்பி கிட்டார்களை ஒவ்வொன்றாக இறக்கச் சொன்னாள். சுண்டிவிட்டுக் கட்டையின் விளிம்பில் தாடையை வைத்துப் பார்த்தாள். முதல் இரண்டும் ஊமையாக இருந்தன. மூன்றாவது, மூலையில் தொங்கிய அடர்பழுப்பு நிறக் கிட்டார். அதைச் சுண்டியதும் அதிர்வு தாடை எலும்பு வழியாகக் காதுக்கு வந்து, சட்டென்று அடங்காமல் நின்றது. ஒரு கண்ணை மூடிக் கிட்டாரின் கழுத்தை நீளவாக்கில் பார்த்தாள், வளைவில்லை. அடிக்கம்பியைக் கழுத்திலுள்ள கட்டங்களில் ஒன்று விடாமல் அழுத்தி வாசித்தாள். எங்கேயும் இரைச்சல் இல்லை. பிறகு வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் அப்படியே நின்றாள்.

"எதுக்கு மேடம் நிக்கிறீங்க?" என்றான் ஆஸ்டின்.

"கச்சேரி மூணு மணி நேரம். தோள் என்ன சொல்லுதுன்னு பார்க்கறேன்."

தோள் ஒன்றும் சொல்லவில்லை. விலை பத்தொன்பதாயிரம்.

ஆஸ்டின் கொஞ்சம் தயங்கிவிட்டு, "உண்மையைச் சொல்லணும்னா நானும் இதைத்தான் எடுப்பேன் மேடம். நீலத்துல எனக்குக் கமிஷன் கூட வரும், அதான் முதல்ல அதை எடுத்துக் காட்டினேன்" என்றான். சொன்ன வாயோடு பழைய கம்பிகளைக் கழற்றிப் புதுக்கம்பி போட்டுக் கொடுத்தான், அதற்குக் காசு வாங்காமல்.

ஆம்ப்தான் அமையவில்லை. பதினேழாயிரத்துக்கு நாற்பது வாட்ஸில் ஒன்று இருந்தது. தனியாகக் கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஷெர்லின் கடையிலிருந்த டிரம்ஸில் போய் உட்கார்ந்து நிஜக் கச்சேரியில் அடிப்பது போல நாலு அடி அடித்தாள். பேஸ் இருந்த இடம் தெரியவில்லை. அறுநூறு பேர் கூடும் மண்டபத்தில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நூறு வாட்ஸுக்குக் குறைந்தால் வேலைக்கு ஆகாது. புதிதாக வாங்கினால் முப்பதாயிரத்துக்கு மேல். கிட்டாரை மட்டும் வாங்கிக்கொண்டு இறங்கினார்கள்.

கீழே ஜூஸ் கடையில் உட்கார்ந்து ஷெர்லின் போனில் பழைய சாமான் விற்பனை விளம்பரங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். திடீரென்று நிறுத்தினாள்.

"அக்கா. எடமலைப்பட்டி புதூர். நூறு வாட்ஸ் பேஸ் ஆம்ப், பன்னெண்டாயிரம். ஸ்பீக்கர்ல கரகரப்பு உண்டுன்னு அவங்களே போட்டிருக்காங்க."

"கரகரப்புன்னா கிழிஞ்சிருக்கும்."

"போய்ப் பார்த்தாத்தானே தெரியும்."

வியாழக்கிழமை மாலை ஐந்தரைக்குப் புதுக் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார்கள். கதவைத் திறந்தவர் ஷஹனாஸ். நாற்பது வயது இருக்கும். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே மென்பொருள் வேலை பார்க்கிறவர். துவாக்குடியில் எஞ்சினியரிங் படித்தபோது காலேஜ் குழுவில் பேஸ் வாசித்தாராம்.

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி இந்த வீட்டுக்கு மாறினோம். சாமான் ஏத்துனவங்க எங்கயோ போட்டுட்டாங்க போல. வந்த நாள்லேர்ந்து கரகரன்னு ஒரு சத்தம். அப்புறம் தொடவே இல்லை. கிட்டாரையும் குடுத்துட்டேன்" என்றார். "ஏற்கெனவே மூணு பேர் வந்து கேட்டுட்டு வேணாம்னு போயிட்டாங்க. பொய் சொல்லி விக்க எனக்கு இஷ்டமில்லைங்க. வாசிச்சுப் பாருங்க, நான் டீ போட்டு எடுத்துட்டு வரேன்."

ஹாலில் சோபாவுக்குப் பக்கத்தில் கறுப்பாக, முழங்கால் உயரத்துக்கு இருந்தது ஆம்ப். ஆனந்தவள்ளி செருகி, அடிக்கம்பியை அழுத்தாமல் விட்டுச் சுண்டினாள். சத்தம் உருண்டையாக வந்தது. கடையில் கேட்ட பெரிய ஆம்புக்குத் தம்பி என்றே சொல்லலாம். மூன்றாவது கட்டத்தை அழுத்திச் சுண்டியதும் வந்தது அந்தக் கரகரப்பு. பல்லைக் கூச வைக்கும் சத்தம்.

அடுத்த கட்டத்தில் இல்லை. முந்தைய கட்டத்தில் இல்லை. மறுபடி மூன்றில் வாசித்தால் கர்ரென்றது.

"கிழிஞ்ச ஸ்பீக்கர் ஒரு சுரத்துக்கு மட்டுமா கத்தும்?" என்றாள்.

ஷெர்லின் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "நீங்க பேஸ் வாசிக்கும்போது சும்மா கிடக்கற என் ஸ்நேர் டிரம் தானா கிர்ருங்குமே, அந்த மாதிரி இருக்குக்கா."

ஆனந்தவள்ளி கிட்டாரை அவள் மடியில் வைத்து, "இந்தக் கட்டத்தையே விடாம அடி" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். ஸ்பீக்கருக்குக் காதைக் கொடுத்தாள். அங்கே சத்தம் சுத்தமாக இருந்தது. ஜன்னலைத் தொட்டாள், இல்லை. ஃபேனை அண்ணாந்து பார்த்தாள், இல்லை. சுவரோரம் பீங்கான் கோப்பைகள் அடுக்கிய ஷோகேஸ் ஒன்று இருந்தது. அதன் நகரும் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள்.

கரகரப்பு நின்றது.

கையை எடுத்தாள், வந்தது. வைத்தாள், நின்றது. ஆறு வருடமாக ஒரு கண்ணாடி செய்த வேலைக்கு ஆம்ப் பழி சுமந்திருக்கிறது.

ஷெர்லினின் கண் விரிந்தது. சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, கையை எடுத்துட்டு வந்து பேசாம உக்காருங்க. பன்னெண்டுக்கு முடிச்சுடலாம்."

ஆனந்தவள்ளி அப்படியே நின்றாள். பன்னிரண்டாயிரத்துக்கு இது கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். சனிக்கிழமைக்கு இரண்டே நாள் இருக்கிறது. ஆனால் டீ போடப் போனவர் குறையை ஒளிக்காமல் சொன்னவர். அவரிடம் நிறையை ஒளித்து எப்படி வாங்குவது?

ஷஹனாஸ் டீயோடு வந்ததும், "இங்க வாங்க, இந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க" என்றாள்.

ஷஹனாஸ் பிடித்தார். விட்டார். மறுபடி பிடித்தார். பிறகு, "உங்க கிட்டாரை நான் ஒரு தடவை வாசிக்கலாமா?" என்று கேட்டார்.

முதலில் விரல் தடுமாறியது. இரண்டு நிமிடத்தில் வழி கண்டுகொண்டது. ஷெர்லின் சோபாக் கையில் தாளம் தட்டினாள். உள்ளறையிலிருந்து ஷஹனாஸின் மாமியார் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ரொம்ப நாளாச்சே உன்கிட்ட இந்தச் சத்தம் கேட்டு" என்று சொல்லிவிட்டு அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பத்து நிமிடம் கழித்து ஷஹனாஸ் நிமிர்ந்தபோது முகமெல்லாம் சிவந்திருந்தது.

"மன்னிச்சுக்கங்க" என்றார். "இதை நான் இப்ப விக்கறதா இல்லை."

ஆனந்தவள்ளி ஆம்பிலிருந்து வயரை உருவினாள். ஷெர்லின் 'நான் சொன்னேனே' என்று ஒரு பார்வை பார்த்தாள். ஆனாலும் ஆனந்தவள்ளிக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் தான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்போம் என்று அவளுக்குத் தெரிந்தது.

"புரியுதுங்க" என்று கிட்டாரைப் பையில் வைத்தாள்.

"இருங்க, இருங்க. சனிக்கிழமை கச்சேரின்னீங்கள்ல? அன்னைக்கு எடுத்துட்டுப் போங்க. வாடகையெல்லாம் வேணாம். ஆனா நானும் வந்து கேப்பேன்."

சனிக்கிழமை மதியம் ரெங்கராஜ் ஒரு லோடு ஆட்டோ பிடித்து ஆம்பை ஏற்றினான். காவிரிப் பாலத்தில் வண்டி தூக்கிப் போடும்போதெல்லாம் ஆனந்தவள்ளி அதைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டாள். ஸ்ரீரங்கத்தில் மண்டபம் பெரிது. சாயங்காலம் ஒலி சரிபார்க்க உட்கார்ந்தபோது அமிர்தராஜ் ஆம்பையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முதல் பாட்டு. பார்க்கலாம்" என்றார்.

ஷெர்லின் குச்சிகளைத் தட்டி எண்ணினாள். ஆனந்தவள்ளி முதல் சுரத்தைப் போட்டாள். காலி நாற்காலிகளுக்கு மேலே அந்தச் சத்தம் மண்டபத்தின் கடைசிச் சுவர் வரைக்கும் போய்ப் பரவி உட்கார்ந்தது. அமிர்தராஜின் இடது கை பழக்கத்தில் கீபோர்டின் அடிக்கட்டைகளுக்குப் போனது. அங்கே அதற்கு வேலை இல்லை என்று தெரிந்து, சட்டைப் பைக்குள் போய்விட்டது. மீதிப் பாட்டை அவர் ஒற்றைக் கையாலேயே வாசித்தார். சிரித்துக்கொண்டே வாசித்தார்.

ஏழு மணிக்கு நிஜக் கச்சேரி தொடங்கியது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் நாலாவது பாட்டிலேயே எழுந்து ஆட ஆரம்பித்துவிட்டார்கள். பேஸை யாரும் பார்க்கவில்லை. ஆனால் எல்லோருடைய காலும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. மேடையில் இருந்தபடி அவளால் அதைப் பார்க்க முடிந்தது. அவள் விரலை ஒரு இடத்தில் நிறுத்தினால் அத்தனை காலும் நிற்கிறது, விட்டால் போகிறது.

இடைவேளையில் ஷஹனாஸ் மேடையோரத்துக்கு வந்தார். கையில் இன்னும் சாப்பிடாத ஐஸ்கிரீம்.

"வீட்டுல இதைக் கால்வாசிக்கு மேல திருக முடியாது. பக்கத்து வீட்டுல வந்து கதவைத் தட்டுவாங்க" என்றார். "இங்க கேட்டப்புறம்தான் தெரியுது, என் ஹாலுக்கு இது ரொம்பப் பெருசு. எனக்குச் சின்னதா ஒண்ணு போதும். நீங்களே வெச்சுக்கங்க."

ஆனந்தவள்ளி ஷெர்லினைத் திரும்பிப் பார்த்தாள். "நிஜமாவா?"

"நிஜமாத்தான். ஆனா பன்னெண்டு கிடையாது. அது கிழிஞ்ச ஸ்பீக்கருக்குப் போட்ட விலை. நல்ல ஸ்பீக்கருக்குப் பதினாலு."

"பதிமூணரை" என்றாள் ஷெர்லின் டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து.

"பதினாலுதான். சரியான விலை" என்றாள் ஆனந்தவள்ளி.

"அப்ப நாளைக்கு நீங்க என்கூட கடைக்கு வரணும். கிட்டார் எடுக்கணும், சின்ன ஆம்ப் எடுக்கணும். ஒண்ணையும் செருகாம முதல்ல கேக்கணும்னு ஷெர்லின் சொன்னாங்க, அது எப்படின்னு எனக்குக் காட்டுங்க."

"பத்து மணிக்கு வரேன்" என்றாள் ஆனந்தவள்ளி.

அமிர்தராஜ் மைக்கில் அடுத்த பாட்டை அறிவித்தார். அவள் வாரைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு, வால்யூமை முன்னைவிட ஒரு சுற்று கூட்டி வைத்துவிட்டு, ஷெர்லினின் எண்ணிக்கைக்காகத் திரும்பிப் பார்த்தாள்.